மறுப்பா, மதிப்பீடா? – தொடர்பாடல்முறை ஆங்கிலக் கற்பித்தல் குறித்த மாணவர் மனப்பாங்கு ஆய்வுகள்: ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தை அயல்மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ பயிலும் மாணவர்கள் தொடர்பாடல்முறைக் கற்பித்தலை எவ்வாறு நோக்குகின்றனர் என்பதை அறியும் ஆய்வுகள் கடந்த நாற்பது ஆண்டுகளில் பல நாடுகளில் நிகழ்ந்துள்ளன. அவற்றின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ஓரிடத்து மாணவர்கள் இலக்கணத்தையும் பிழைதிருத்தத்தையும் வேண்டுகின்றனர். மற்றோரிடத்து மாணவர்கள் பேச்சுப் பயிற்சி போதவில்லை என்கின்றனர். இம்முரணுக்குப் பண்பாட்டு வேறுபாடே காரணம் என்று கூறுவது வழக்கமாகியுள்ளது. மாணவர்கள் தரும் விடை ஒரு கற்பித்தல் முறையைப் பற்றியது அன்று என்றும், அம்முறை எத்தகைய பாடநூலோடும் தேர்வோடும் வகுப்பறை உறவோடும் வந்து சேர்ந்தது என்பதைப் பற்றியது என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது. ஆஸ்திரேலியா, தைவான், கொலம்பியா முதலிய இடங்களின் ஆய்வுகளை ஒப்புநோக்கி, சுரேஷ் கனகராஜா யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மேற்கொண்ட வகுப்பறை ஆய்வைச் சிறப்பாக எடுத்துக்கொண்டு இக்கருத்து நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தொடர்பாடல்முறைக் கற்பித்தல், மாணவர் மனப்பாங்கு, வினாநிரல், யாழ்ப்பாண வகுப்பறை, தேர்வு, இலக்கணம்.

முன்னுரை

மொழி கற்பித்தல் பற்றிய ஆய்வுகளில் மாணவரின் குரலுக்கு நெடுங்காலம் இடமிருக்கவில்லை. இலக்கண–மொழிபெயர்ப்பு முறை, நேர்முறை, கேட்டல்–பேசல் முறை என்று முறைகள் மாறிவந்தபோதெல்லாம் மாற்றத்தை முடிவுசெய்தோர் அறிஞரும் பாடத்திட்டக் குழுவினருமே ஆவர். 1970-களில் தொடர்பாடல்முறை எழுந்தபோது கற்போரே கல்வியின் மையம் என்னும் கொள்கையும் உடன் எழுந்தது. கற்போரை மையமாகக் கொண்ட முறையைக் கற்போர் விரும்புகின்றனரா என்னும் வினா அதன் இயல்பான விளைவாகும்.

இவ்வினாவுக்கு விடைகாண எலைன் ஹார்விட்ஸ் 1980-களில் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய நம்பிக்கை வினாநிரல் பெரிதும் பயன்பட்டது. மொழி கற்றல் எளிதா, கடிதா. யாருக்கு அது கைவரும். பிழையின்றிப் பேச இயலும்வரை பேசாதிருத்தல் நன்றா என்பன போன்ற கூற்றுகளைத் தந்து, ஒவ்வொன்றையும் எந்த அளவுக்கு ஏற்கிறார் என்று மாணவரைக் குறிக்கச் செய்வது அதன் அமைப்பு. அதைப் பின்பற்றியும் மாற்றியமைத்தும் உலகெங்கும் ஆய்வுகள் பெருகின. தமிழகக் கல்லூரிகளிலும் ஆங்கிலக் கற்பித்தல் குறித்த ஆய்வேடுகளுக்கு ஐந்து படிநிலை கொண்ட வினாநிரல் பழகிப்போன கருவியாக விளங்குகிறது.

கருவி எளிதாகக் கிடைப்பதால் அது எதை அளக்கிறது என்னும் ஐயம் எழாமலே போய்விடுகிறது. இலக்கணம் வேண்டும் என்று குறிக்கும் மாணவர், புதிய முறைக்கு ஆயத்தமாகாதவர் என்று முடிவுரையில் எழுதப்படுகிறார். அம்முடிவு பயிற்சித் திட்டமாகவும் பாடநூல் மாற்றமாகவும் மீண்டும் அவர்மேலேயே வந்து சேர்கிறது. ஆதலால் மனப்பாங்கு ஆய்வுகளின் அளவைமுறையை ஆராய்வது நடைமுறைத் தேவையும் ஆகிறது.

தொடர்பாடல்முறை: ஒரு பெயர், பல பொருள்கள்

டெல் ஹைம்ஸ் 1972-இல் வெளியிட்ட கட்டுரையில் தொடர்பாடல் திறன் என்னும் கருத்தாக்கத்தை விரித்துரைத்தார். இலக்கணப்படி சரியான தொடரை ஆக்கும் அறிவு மட்டும் மொழியறிவு ஆகாது. எங்கே, யாரிடம், எப்போது, எவ்வாறு பேசுவது பொருந்தும் என்னும் அறிவும் அதன் பகுதியே என்பது அவர் கருத்து. ஐரோப்பிய மன்றம் 1975-இல் வெளியிட்ட தொடக்கநிலைப் பாடத்திட்டம், அன்றாடச் சூழலில் மொழியைக் கொண்டு ஒருவர் செய்ய வேண்டிய செயல்களை வரிசைப்படுத்தியது. கனேல், ஸ்வெய்ன் இருவரும் 1980-இல் இத்திறனின் கூறுகளைப் பிரித்துக் காட்டியபோது இலக்கணத் திறனையும் அவற்றுள் ஒன்றாக வைத்தனர். தொடர்பாடல்முறை இலக்கணத்தை நீக்கியது என்னும் பரவலான எண்ணத்திற்கு அம்முறையின் மூலநூல்களில் ஆதாரம் இல்லை என்பது இதனால் புலனாகும்.

ஏ.பி.ஆர். ஹோவட் 1984-இல் தம் ஆங்கிலக் கற்பித்தல் வரலாற்று நூலில் இம்முறையின் மென்வடிவத்தையும் வன்வடிவத்தையும் வேறுபடுத்தினார். கற்ற மொழியைப் பயன்படுத்த வாய்ப்பளிப்பது மென்வடிவம். பயன்படுத்துவதன் வழியாகவே மொழியைக் கற்பது வன்வடிவம். இவ்விரண்டும் வகுப்பறையில் தோற்றுவிக்கும் அனுபவம் ஒன்றன்று. மென்வடிவத்தில் இலக்கண விளக்கத்திற்குப் பின் உரையாடல் வரும். வன்வடிவத்தில் இலக்கண விளக்கம் வராமலே போகலாம்.

வன்வடிவத்திற்கு எடுத்துக்காட்டாகத் தென்னிந்தியாவில் நிகழ்ந்த பெங்களூர்த் திட்டம் உலகளவில் பேசப்படுகிறது. என்.எஸ். பிரபுவின் வழிகாட்டலில் 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் ஆகிய இடங்களின் பள்ளிகளில் அது நடைபெற்றது. தொடர்வண்டிக் கால அட்டவணையைப் பார்த்துப் பயணத்தைத் திட்டமிடுதல், வரைபடத்தைப் படித்து வழிகாணுதல் போன்ற செயற்பணிகளே பாடமாக அமைந்தன. தகவல் இடைவெளி, கருத்து இடைவெளி, காரண இடைவெளி என்னும் மூவகைச் செயற்பணிகளுள், தெரிந்தவற்றிலிருந்து தெரியாததை உய்த்துணரும் காரண இடைவெளிப் பணியே வகுப்பறைக்கு மிகவும் உகந்தது எனப் பிரபு கண்டார்.

இத்திட்டத்தில் இன்றைய ஆய்வாளர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய கூறு ஒன்று உண்டு. பிரபு குழுப்பணியை வகுப்பின் அடிப்படையாகக் கொள்ளவில்லை. மாணவர் தம்முள் பேசும் குறைவளர்ச்சி பெற்ற மொழி ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவி நிலைத்துவிடக்கூடும் என்றும், ஆசிரியரின் வளமான மொழியைக் கேட்பதே பயன்தரும் என்றும் அவர் கருதினார். பொருளை மையமாகக் கொண்ட வகுப்பு ஆசிரியர் முன்னின்று நடத்தும் வகுப்பாகவும் இருக்க இயலும் என்பதை இத்திட்டம் காட்டியது. மனப்பாங்கு வினாநிரல்களோ குழுப்பணி, இணைப்பணி, மொழி விளையாட்டு, பிழைகளைப் பொருட்படுத்தாமை, ஆசிரியர் ஒதுங்கி நிற்றல் ஆகிய அனைத்தையும் ஒரே பொதியாகக் கட்டித் ‘தொடர்பாடல்முறை’ என்று பெயரிடுகின்றன. குழுப்பணியை விரும்பாத மாணவர் தொடர்பாடலையே விரும்பாதவராகக் கணக்கிடப்படுவது இதன் விளைவாகும். இக்கணக்கின்படி பிரபுவும் தொடர்பாடல்முறைக்கு எதிரானவராகிவிடுவார்.

முரண்படும் முடிவுகள்

டேவிட் நூனன் 1988-இல் வெளியிட்ட நூலில், ஆஸ்திரேலியாவில் குடியேறிய வயதுவந்தோருக்கான ஆங்கில வகுப்புகளில் கற்போரும் கற்பிப்போரும் ஒரே செயற்பாடுகளுக்குத் தந்த மதிப்பை ஒப்பிட்டார். பிழைதிருத்தத்தைக் கற்போர் மிக உயர்வாக மதித்தனர். கற்பிப்போர் தாழ்வாக மதித்தனர். தம் பிழையைத் தாமே கண்டறிதல், இணைப்பணி ஆகியவற்றைக் கற்பிப்போர் மிக உயர்வாக மதித்தனர். கற்போர் தாழ்வாக மதித்தனர். இம்முடிவு கற்போரின் பழமைவாதத்திற்குச் சான்றாகப் பலமுறை எடுத்தாளப்பட்டுள்ளது. எனினும் அதே ஒப்பீட்டில் உரையாடல் பயிற்சியை இருதரப்பினரும் மிக உயர்வாகவே மதித்திருந்தனர் என்பது பெரிதும் பேசப்படுவதில்லை. கற்போர் உரையாட விரும்பினர். உரையாடும்போது நிகழும் பிழைகள் திருத்தப்படுவதையும் விரும்பினர். வேலையும் அலுவலகமும் கடைத்தெருவும் ஆங்கிலத்திலேயே இயங்கும் நாட்டிற்கு வந்து சேர்ந்தவருக்கு இவ்விரண்டு விருப்பங்களும் ஒன்றோடொன்று இயைந்தவையே.

ரெனேட் ஷூல்ஸ் அமெரிக்காவிலும் கொலம்பியாவிலும் மாணவர், ஆசிரியர் கருத்துகளைத் திரட்டி 2001-இல் வெளியிட்ட ஒப்பாய்விலும் இவ்வாறே இருநாட்டு மாணவரும் இலக்கண விளக்கத்திலும் பிழைதிருத்தத்திலும் தம் ஆசிரியரைவிட மிகுந்த நம்பிக்கை கொண்டிருந்தனர். மேலைநாட்டு மாணவர் புதுமையை நாடுவர், பிறநாட்டு மாணவர் பழமையைப் பற்றுவர் என்னும் பிரிவினை இதில் நிலைபெறவில்லை.

தைவானில் சாண்ட்ரா சாவிக்னன், வாங் இருவரும் பல்கலைக்கழக முதலாண்டு மாணவர் 174 பேரிடம் நடத்திய ஆய்வு 2003-இல் வெளிவந்தது. தம் பள்ளிக் கல்வி பெரிதும் இலக்கண வடிவத்தை மையமாகக் கொண்டிருந்ததாக அவர்கள் குறிப்பிட்டனர். தம் விருப்பமோ பொருளை மையமாகக் கொண்ட செயற்பாடுகளின் பக்கம் சாய்ந்தது என்றனர். வில்லியம் லிட்டில்வுட் எட்டு ஆசிய நாடுகளையும் மூன்று ஐரோப்பிய நாடுகளையும் ஒப்பிட்டு 2000-இல் எழுதிய கட்டுரையும் இங்குக் கருதத்தக்கது. ஆசிய மாணவர் கேட்டுப் பணிதலையே விரும்புவர் என்னும் எண்ணம் அவர் பெற்ற விடைகளால் உறுதிப்படவில்லை. வகுப்பறையில் காணப்படும் அமைதி மாணவரின் உள்ளார்ந்த இயல்பைக் காட்டிலும் கல்விச்சூழலின் விளைவாக இருக்கலாம் என்பது அவர் துணிபு.

தைவான் மாணவரின் விடையையும் ஆஸ்திரேலியக் குடியேறிகளின் விடையையும் அருகருகே வைத்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். கடுமையான எழுதுத்தேர்வைக் கடந்து பல்கலைக்கழகத்தில் நுழைந்துவிட்டவர் இலக்கணம் போதும் என்கிறார். வகுப்பில் உரையாடலை மிகுதியாகப் பெற்று, பிழைகள் திருத்தப்படாமல் விடப்படுவதைக் காண்பவர் திருத்தம் வேண்டும் என்கிறார். இருவருமே தமக்கு எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை, இனி எது தேவைப்படும் என்று கணக்கிட்டே விடை கூறுகின்றனர் எனலாம்.

மனப்பாங்கும் செயலும்

மனப்பாங்கு பற்றிய வினாவுக்குத் தரும் விடை, செயலை முன்னறிவிக்கும் என்பதற்கு உறுதி இல்லை. சமூகவியலாளர் ரிச்சர்ட் லாபியர் 1934-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தொன்மையான சான்றாகும். சீன இணையர் ஒருவருடன் அமெரிக்காவில் பயணம் செய்த அவர் ஏறத்தாழ 250 விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் சென்றார். ஓரிடத்தில் மட்டுமே மறுப்பு நேர்ந்தது. பின்னர்ச் சீனரை ஏற்பீர்களா என்று அந்நிறுவனங்களுக்கு வினா அனுப்பியபோது, விடையளித்தவர்களுள் 90 விழுக்காட்டுக்கும் மேலானோர் ஏற்கமாட்டோம் என்றனர். தாளில் மறுத்தவர்கள் நேரில் ஏற்றவர்களே. வகுப்பறையில் இம்முரண் எதிர்த்திசையிலும் நிகழ்கிறது: தாளில் ஏற்கும் மாணவர் செயலில் விலகுகிறார்.

இதற்குரிய காரணங்களுள் மூன்று குறிப்பிடத்தக்கன. முதலாவது, கேட்பவர் யார் என்பது. வினாநிரலை வகுப்பில் வழங்குபவர் பெரும்பாலும் ஆசிரியராகவோ ஆசிரியரின் உடன்பணியாளராகவோ இருக்கிறார். அவர் விரும்பும் முறையை மாணவர் அறிவர். அகமதிப்பீட்டு மதிப்பெண் அவர் கையில் இருக்கும்போது ‘முற்றிலும் ஏற்கிறேன்’ என்னும் கட்டத்தைக் குறிப்பது ஒரு மரியாதைச் செயலாகவும் அமையலாம்.

இரண்டாவது, கேட்கப்படும் பொருளை மாணவர் கண்டிருக்கிறாரா என்பது. நூனன் 1987-இலும் பா. குமாரவடிவேலு 1993-இலும் எழுதிய கட்டுரைகள், தொடர்பாடல்முறை எனப் பெயர்பெற்ற வகுப்புகளிலும் உண்மையான தொடர்பாடல் அரிதாகவே நிகழ்வதை எடுத்துக்காட்டின. ஆசிரியர் விடை தெரிந்த வினாவைக் கேட்கிறார். மாணவர் ஒரு சொல்லில் விடையளிக்கிறார். ஆசிரியர் சரி அல்லது தவறு என்கிறார். இவ்வமைப்பே குழுப்பணி என்னும் பெயரிலும் தொடர்வதுண்டு. இத்தகைய வகுப்பில் பயின்றவர் தொடர்பாடல்முறை பயனற்றது என்று குறித்தால், அவர் மதிப்பிட்டது எதை என்னும் வினா எஞ்சி நிற்கிறது.

மூன்றாவது, வினாவின் மொழி. ‘குழு விவாதம்’, ‘செயற்பாடு’, ‘கற்றல் தன்னுரிமை’ போன்ற தொடர்கள் கல்வியியல் வழக்கில் பெற்ற பொருளை மாணவரிடம் பெற்றிருக்க வேண்டும் என்பதில்லை. வேலைவாய்ப்புத் தேர்வுக்கு ஆயத்தமாகும் தமிழக மாணவருக்குக் ‘குழு விவாதம்’ என்பது ஆள்தேர்வின்போது பிறரை வென்று காட்டும் ஒரு சுற்றைக் குறிக்கிறது. அவர் அதைக் கண்டு அஞ்சுகிறார் என்றால் அவ்வச்சம் கற்பித்தல் முறையைச் சார்ந்ததன்று.

யாழ்ப்பாண வகுப்பறை

மாணவர் சொன்னதையும் செய்ததையும் ஒருசேரப் பதிவுசெய்த அரிய ஆய்வு, சுரேஷ் கனகராஜா 1993-இல் வெளியிட்ட இனவரைவியல் கட்டுரையாகும். அவர் தாம் விரிவுரையாற்றிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைப்பிரிவு முதலாண்டு மாணவர் 22 பேர் பயின்ற கட்டாய ஆங்கில வகுப்பை ஆண்டு முழுவதும் நோக்கினார். 1987-ஆம் ஆண்டுப் பதின்மூன்றாம் திருத்தத்தின்வழி இலங்கையில் ஆங்கிலம் இணைப்பு மொழியாக அறிவிக்கப்பட்டிருந்தது. சட்டத்தில் அவ்வாறு இருப்பினும், தமிழ்வழியில் கல்வி பயின்று சிற்றூர்களிலிருந்து வந்த மாணவருக்கு வகுப்பறைக்கு வெளியே ஆங்கிலம் புழங்கும் இடங்கள் மிகக் குறைவு. நடைமுறையில் அது அயல்மொழியே. அதேவேளை உயர்பதவிக்கும் வெளிநாட்டுக் கல்விக்கும் அதுவே வாயில். இலங்கைப் பல்கலைக்கழகச் சிங்கள மாணவர் வழக்கில் ஆங்கிலத்தைக் ‘கடுவ’, அதாவது வாள், என்று குறிப்பதும் இவ்விரட்டை நிலையையே உணர்த்துகிறது. வைத்திருப்பவர் அதனை வீசுகிறார், இல்லாதவர் வெட்டுப்படுகிறார்.

பயன்பட்ட பாடநூல் அமெரிக்காவில் உருவானது. அதன் உரையாடல்களும் படங்களும் அமெரிக்க நகர வாழ்வைச் சார்ந்தவை. வகுப்பு நிகழ்ந்த காலமோ போர்க்காலம். 1990 ஜூனில் மீண்டும் மூண்ட போர் யாழ்ப்பாணத்தின் அன்றாட வாழ்வைச் சிதைத்திருந்தது. மின்சாரமும் எரிபொருளும் தாளும் அரிதாகியிருந்தன. நூலின் நகர வாழ்க்கை அம்மாணவருக்கு அயல்நாட்டுச் செய்தியாக மட்டும் இல்லை. தம் நிலைமையோடு எவ்வகையிலும் பேசாத ஓர் உலகமாக இருந்தது.

ஆண்டின் தொடக்கத்தில் அளித்த வினாநிரலில் மாணவர் ஆங்கிலம் கற்பதில் மிகுந்த ஊக்கம் காட்டினர். வேலை, மேற்படிப்பு ஆகிய பயன்களைக் குறிப்பிட்டனர். ஆய்வு அங்கேயே நின்றிருந்தால் ‘மாணவர் மனப்பாங்கு நேர்மறையானது’ என்பதே முடிவாகியிருக்கும். ஆனால் நாளடைவில் வகுப்புக்கு வருவோர் குறைந்தனர். உரையாடல், குழுச்செயற்பாடு ஆகியவற்றைவிட இலக்கணக் குறிப்புகளையும் தேர்வுக்குரிய பயிற்சிகளையும் மாணவர் நாடினர். பாடநூலின் ஓரங்களில் அவர்கள் எழுதியவையும் வரைந்தவையும் மற்றொரு செய்தியைக் கூறின. தமிழர் அரசியற் போராட்டம், திரைப்படம், காதல் ஆகியவை பற்றிய குறிப்புகள் நூலின் அமெரிக்க மாந்தரைச் சூழ்ந்து நின்றன. வகுப்பில் பேச மறுத்தவர்கள் நூலின் ஓரத்தில் ஓயாது பேசியிருந்தனர்.

தொடர்பாடல் பற்றிய மனப்பாங்கை அறிய இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அம்மாணவருக்குச் சொல்வதற்குச் செய்தி இருந்தது. கேட்பதற்குத் தோழர் இருந்தனர். கேலிக்கும் கனவுக்கும் மொழி இருந்தது. தொடர்பாடலுக்கு வேண்டிய அனைத்தும் வகுப்பறையில் இருந்தன. அவை பாடத்தின் உள்ளே வருவதற்கு வழி மட்டும் இல்லை.

கனகராஜாவின் விளக்கமும் அதன் எல்லையும்

இந்நடத்தையைக் கனகராஜா எளிய எதிர்ப்பாகக் கொள்ளவில்லை. கல்விக் கோட்பாட்டாளர் ஹென்றி ஜிரூவின் வழிநின்று, தெளிவான கருத்தியல் விழிப்போடு மாற்றத்தை நாடும் எதிர்ப்பையும், அத்தகைய தெளிவின்றி நிகழும் முரண்நடத்தையையும் அவர் வேறுபடுத்தினார். யாழ்ப்பாண மாணவரின் செயல் இரண்டாம் வகையைச் சார்ந்தது என்பது அவர் கருத்து. பண்பாட்டுச் சுமையுடன் வந்த உரையாடலை விலக்கி இலக்கணத்தை நாடியதன் வாயிலாக, தம் அடையாளத்தை இழக்காமலேயே தேர்வுக்கு வேண்டியதைப் பெற அவர்கள் முயன்றனர். அதே செயல் ஆங்கிலத்தின் அதிகாரத்தையும் தேர்வின் அதிகாரத்தையும் வினவாமல் ஏற்றுக்கொள்வதாகவும் முடிந்தது. கட்டுரைத் தலைப்பிலேயே ‘இருபொருள்படும் நிலை’ என்னும் கருத்தை அவர் வைத்திருப்பது இதனாலேயே ஆகும்.

இவ்விளக்கம் மனப்பாங்கு ஆய்வுக்கு அளித்த வலிமை பெரிது. இலக்கணம் வேண்டும் என்பது அறியாமையின் குரலாகவே எண்ணப்பட்டுவந்த நிலையில், அதற்குள் ஒரு காரணம் உண்டு என்று அது காட்டியது. ஆயினும் அதன் எல்லைகளையும் சுட்டுதல் தகும்.

ஆய்வாளரே ஆசிரியராகவும் இருந்தமையால் மாணவரின் விலகல் எந்த அளவுக்கு நூலை நோக்கியது, எந்த அளவுக்கு முறையை நோக்கியது, எந்த அளவுக்கு வகுப்பை நடத்தியவரின் இடத்தை நோக்கியது என்று பிரித்தறிவது கடினம். மேலும், ஓரக்குறிப்புகளை அரசியற் பொருளுடையவையாகப் படிக்கும்போது அவற்றுள் திரைப்படமும் காதலும் பெறும் இடம் சுருங்கிவிட வாய்ப்புண்டு. சலிப்புற்ற மாணவர் எந்நாட்டிலும் எப்பாடத்திலும் நூலின் ஓரத்தில் வரைவதுண்டு. யாழ்ப்பாணத்தின் ஓரக்குறிப்புகள் முழுவதும் அரசியல் என்பதும், முழுவதும் சலிப்பு என்பதும் ஒருபுறச் சார்புடையவையே.

மிக முதன்மையான எல்லை தேர்வைப் பற்றியது. இலக்கணத்தை நாடியதற்குப் பண்பாட்டு இடைவெளியைக் காரணமாகக் கொள்ளும் இடங்களில், தேர்வின் வடிவமே போதுமான காரணமாக அமையக்கூடும். தைவான் மாணவருக்கும் அமெரிக்க வாழ்வு அயலானதே. எனினும் அவர்கள் பொருள்மையச் செயற்பாட்டை விரும்புவதாகக் கூறினர். பண்பாட்டுத் தொலைவு மட்டுமே காரணமாயின் இவ்வேறுபாடு எழுந்திருக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாண மாணவருக்குத் தேர்வு வரவிருந்தது. தைவான் மாணவர் மதிப்பிட்டதோ கடந்துபோன பள்ளிக் கல்வியை. ஒருவர் தேர்வுக்கு முன்னும் மற்றவர் தேர்வுக்குப் பின்னும் நின்று பேசுகின்றனர் என்று கொண்டால் இரு விடைகளும் ஒரே தர்க்கத்தைச் சார்ந்தவையாகின்றன. யாழ்ப்பாணத்தில் போரும் பாடநூலும் அத்தர்க்கத்தைக் கூர்மையாக்கின என்று கொள்வது பொருந்தும்.

தேர்வு என்னும் மறைமுகப் பாடத்திட்டம்

பாடத்திட்டத்தின் முகவுரை தொடர்பாடல் திறனைக் குறிக்கோளாக அறிவிக்கலாம். ஆண்டின் இறுதியில் வரும் வினாத்தாள் இடைவெளி நிரப்பலையும் தொடர்மாற்றத்தையும் மனப்பாடக் கட்டுரையையும் கேட்குமாயின், மாணவர் நம்புவது வினாத்தாளையே. அந்நம்பிக்கை தவறானதன்று. குடும்பத்தில் முதன்முறையாகக் கல்லூரிக்கு வந்த ஒருவருக்கு ஆங்கிலத் தாளில் தோல்வி என்பது பட்டமே கிடைக்காமற் போவதைக் குறிக்கும். வகுப்பில் சரளமாகப் பேசிப் பழகுவதால் வரும் பயன் தொலைவில் உள்ளது, உறுதியற்றது. தேர்ச்சி என்பது அண்மையில் உள்ளது, கண்ணுக்குத் தெரிவது. இவ்விரண்டுக்கும் இடையே அவர் செய்யும் தேர்வு, கையில் உள்ள நேரத்தையும் வாய்ப்பையும் எடைபோட்டுச் செய்த முடிவாகும்.

குழுப்பணியின் மீதான தயக்கத்திற்கும் இத்தகைய காரணம் உண்டு. ஆங்கிலவழிப் பள்ளியில் பயின்றவரும் தமிழ்வழிப் பள்ளியில் பயின்றவரும் ஒரே குழுவில் அமரும்போது பேச்சு முன்னவரிடமே குவிகிறது. பின்னவர் பிழையோடு பேசினால் நகைப்புக்கு ஆளாவோம் என்று ஒதுங்குகிறார். ஹார்விட்ஸ் முதலியோர் 1986-இல் விளக்கிய அயல்மொழி வகுப்பறைப் பதற்றம் இத்தகைய இடத்தில் சமூக வேறுபாட்டோடு கலந்துவிடுகிறது. ஆசிரியர் முன்னின்று நடத்தும் வகுப்பில் இருவரும் ஒரே அளவில் அமைதியாக இருக்க முடிகிறது. ‘ஆசிரியர் விளக்குவதையே விரும்புகிறேன்’ என்று குறிக்கும் மாணவர், தமக்குக் கிடைக்கக்கூடிய ஒரே சமநிலையைக் குறிக்கிறார் என்று கொள்ள இடமுண்டு.

ஆய்வாளர் கவனத்திற்குரியன

மேற்கண்டவற்றால் வினாநிரலைக் கைவிட வேண்டும் என்பது பெறப்படாது. அதனை அமைக்கும் முறையும் படிக்கும் முறையும் திருந்த வேண்டும் என்பதே பெறப்படும்.

தொடர்பாடல்முறையை ஒரே பொதியாகக் கேளாமல் உரையாடல், குழுப்பணி, பிழைதிருத்தம், இலக்கண விளக்கம், தாய்மொழிப் பயன்பாடு எனக் கூறுகளாகப் பிரித்துக் கேட்பது முதற்படி. ஒவ்வொரு கூற்றையும் சூழலோடு இணைப்பது அடுத்தது: பேச்சுக்கு மதிப்பெண் இருந்தால் விருப்பம் மாறுமா, குழுவைத் தாமே அமைத்துக்கொண்டால் மாறுமா, பாடநூல் உள்ளூர்ச் செய்தியைக் கொண்டிருந்தால் மாறுமா என்று கேட்கும்போதுதான் மறுப்பின் இலக்கு புலப்படும். வினாக்கள் தமிழில், மாணவர் வழங்கும் சொற்களில், வேறு துறையினரால் வழங்கப்படுவது நன்று. வகுப்பு நோக்கல், வருகைப் பதிவு, மாணவர் கையேடு, நூலின் ஓரக்குறிப்பு ஆகியவற்றுள் ஒன்றேனும் வினாநிரலோடு சேர்த்துப் படிக்கப்பட வேண்டும். வினாநிரலும் நடத்தையும் முரண்படும் இடத்தைப் பிழை எனத் தள்ளாமல் அதையே ஆய்வின் தொடக்கமாகக் கொள்வது தக்கது.

குமாரவடிவேலு 2001-இல் முன்வைத்த முறைகடந்த கற்பித்தல் கோட்பாடு, குறிப்பிட்ட இடத்தின் தன்மை, நடைமுறைக்கு உகந்தமை, சமூக மாற்றத்திற்கான வாய்ப்பு என்னும் மூன்றையும் கற்பித்தலின் அளவுகளாக்கியது. எந்த முறை சிறந்தது என்னும் வினாவைவிட, இவ்விடத்தில் இவர்களுக்கு எது இயலும் என்னும் வினாவை அது முதன்மைப்படுத்தியது. மனப்பாங்கு ஆய்வுக்கும் இவ்வளவுகள் பொருந்தும். ஆனால் கற்பித்தல் கோட்பாட்டில் இடத்தின் தன்மையைப் போற்றிவிட்டு, ஆய்வுக் கருவியை மட்டும் வேற்றிடத்திலிருந்து மாற்றமின்றிப் பெறுவது தன்முரணாகும்.

முடிவுரை

ஆஸ்திரேலியக் குடியேறியும் தைவான் மாணவரும் யாழ்ப்பாண மாணவரும் வெவ்வேறு விடைகளைத் தந்தனர். அவ்விடைகளைப் பண்பாட்டுக்கேற்ப வகைப்படுத்துவது எளிது. அவரவர் சூழலின் மதிப்பீடாகப் படிப்பது பயனுடையது. இலக்கணத்தை நாடுவோர் தொடர்பாடலை மறுப்பவர் என்னும் கருத்துக்கு நூனனின் ஒப்பீடே மறுப்பாக நிற்கிறது. குழுப்பணியைத் தொடர்பாடலோடு ஒன்றாக்குவதற்குப் பிரபுவின் திட்டம் மறுப்பாகிறது. விருப்பம் என்று தாளில் குறித்ததை விருப்பமாகவே கொள்வதற்கு யாழ்ப்பாணத்து வகுப்பறை மறுப்பாகிறது.

தமிழ் மாணவர் ஆங்கிலத்தில் பேச விரும்புவதில்லை என்று எழுதுவதற்கு முன், அவர் எதைப் பற்றிப் பேசுமாறு கேட்கப்பட்டார், அப்பேச்சுக்கு எவ்விடத்தில் மதிப்பளிக்கப்பட்டது, பிழை நேர்ந்தால் என்ன நிகழ்ந்தது என்னும் மூன்று வினாக்களுக்கு ஆய்வு விடை கண்டிருக்க வேண்டும். அவ்விடைகள் இன்றித் தொகுக்கப்படும் விழுக்காடுகள், கற்பித்தல் அமைப்பின் குறையை மாணவரின் மனத்தின் குறையாக மாற்றி எழுதிவிடும். பாடநூலின் ஓரத்தில் எழுதப்பட்டிருப்பதையும் விடைத்தாளாகப் படிக்கும் ஆய்வே மாணவர் மனப்பாங்கை அறியும் ஆய்வாகும்.